இலங்கை வானொலியின் வர்த்தக சேவை: ஒரு தீவின் குரல் தமிழக வீடுகளுக்குள் வந்த வரலாறு

1950களிலிருந்து 1980களின் தொடக்கம் வரை, தமிழகத்தின் தென்மாவட்டங்களில் பாட்டுக் கேட்க ரேடியோவைத் திருப்புவது என்றால், பெரும்பாலான வீடுகளில் அது கொழும்பைத் திருப்புவதையே குறித்தது. இராமநாதபுரத்திலும் தூத்துக்குடியிலும் தேநீர்க் கடைகளும் தையற்கடைகளும் காலையில் திறக்கும்போதே ‘சிலோன் ரேடியோ’ ஒலிக்கத் தொடங்கிவிடும். அந்த நிலையம் வேறொரு நாட்டின் அரசுக்குச் சொந்தமானது. அதை நடத்தியவர்கள் தமிழகத்து அரசியலிலோ வணிகத்திலோ எந்தப் பிடிப்பும் இல்லாதவர்கள். அப்படியிருந்தும், சொந்த நாட்டு வானொலிக்குக் கிடைக்காத நெருக்கம் அவர்களுக்குக் கிடைத்தது. அறிவிப்பாளர்களின் குரல்வளத்தை மட்டும் சொல்லி இதை விளக்குவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. குரல்வளம் உண்மைதான். ஆனால், அந்தக் குரல் இங்கே வந்து சேர வழி திறந்துவிட்டவை ஒரு போர்க்கால அலைபரப்பியும், டில்லியில் எடுக்கப்பட்ட ஒரு கொள்கை முடிவும், விளம்பரத்தை இழிவாகக் கருதாத ஒரு நிர்வாக ஏற்பாடுமே ஆகும்.

இலங்கையில் ஒலிபரப்பு மிக முன்னதாகவே தொடங்கிவிட்டது. தந்தித் துறையின் தலைமைப் பொறியாளராக இருந்த எட்வர்ட் ஹார்ப்பர் 1920களின் முற்பகுதியில் கொழும்பிலிருந்து சோதனை ஒலிபரப்புகளை நடத்தினார். முதல் உலகப் போரில் கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவியின் பாகங்களைக் கொண்டு அவருடைய முதல் அலைபரப்பி அமைக்கப்பட்டதாகச் சொல்வார்கள். 1925 டிசம்பர் 16ஆம் நாள் ‘கொழும்பு வானொலி’ முறையாகத் தொடங்கியது. பி.பி.சி. தொடங்கி அப்போது மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. சென்னை மாகாண வானொலிக் கழகத்தின் ஒலிபரப்பு 1924இலேயே தொடங்கியிருந்தாலும், பணத் தட்டுப்பாட்டால் அது 1927இல் நின்றுபோனது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938இல்தான் வந்தது. ஆக, கொழும்பில் அறுந்துபோகாத ஒலிபரப்பு மரபு ஒன்று முன்பே இருந்தது என்றாலும், அது நகரத்துக்குள்ளும் அதன் சுற்றுப்புறத்திலும் கேட்ட சிறிய ஏற்பாடாகவே இருந்துவந்தது.

அதைப் பெரிதாக்கியது இரண்டாம் உலகப் போர். மவுண்ட்பேட்டன் தலைமையிலான தென்கிழக்கு ஆசியப் படைத்தலைமை கண்டியில் அமைந்திருந்தது. பர்மாவிலும் மலாயாவிலும் பரவிக் கிடந்த நேச நாட்டுப் படைவீரர்களுக்குச் செய்தியும் பொழுதுபோக்கும் தருவதற்காகக் கொழும்பில், அந்தப் படைத்தலைமையின் ஆங்கிலச் சுருக்கப் பெயரைத் தாங்கிய ‘ரேடியோ சீயாக்’ நிறுவப்பட்டது. கொழும்புக்கு வடக்கே ஜா-எலவுக்கு அருகிலுள்ள ஏக்கலையில் இதற்காக 100 கிலோவாட் சிற்றலை அலைபரப்பி அமைக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலுள்ள வீரர்களை எட்டுவதற்கென்று திட்டமிடப்பட்ட கருவி அது. போர் முடிந்து வீரர்கள் ஊர் திரும்பியபின் அவ்வளவு பெரிய கருவியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. நிலையம் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1949இல் ‘ரேடியோ சிலோன்’ தனித் துறையாகச் செயல்படத் தொடங்கியது. புதிதாக விடுதலை பெற்ற சிறிய நாடொன்றின் கையில், அதன் தேவையைவிடப் பன்மடங்கு பெரிய ஒலிபெருக்கி வந்து சேர்ந்திருந்தது.

அந்த ஆற்றலைப் பணமாக்கலாம் என்பதைக் கண்டவர்களுள் முதன்மையானவர் கிளிஃபர்ட் டாட். ஆசிய நாடுகளுக்குக் காமன்வெல்த் நாடுகள் உதவும் கொழும்புத் திட்டத்தின்கீழ் ஆஸ்திரேலியாவிலிருந்து அனுப்பப்பட்டவர். ஆஸ்திரேலியாவில் அரசு வானொலியும் தனியார் விளம்பர வானொலியும் அருகருகே இயங்கிவந்தன. விளம்பரம் எடுத்தால் ஒலிபரப்பின் மதிப்புக் குறைந்துவிடும் என்ற பிரிட்டிஷ் மனப்பான்மை அவரிடம் இல்லாதிருந்ததற்கு இந்தப் பின்னணி ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். 1950 செப்டம்பர் 30ஆம் நாள் ரேடியோ சிலோனின் வர்த்தக சேவை தொடங்கியது. லிவி விஜேமான போன்ற உள்நாட்டு இளைஞர்கள் அவரிடம் பயின்று பின்னாளில் தலைமைப் பொறுப்புகளுக்கு வந்தார்கள். இந்தியாவில் விளம்பரம் திரட்டும் பொறுப்பு பம்பாயிலிருந்த ரேடியோ அட்வர்டைசிங் சர்வீசஸ் என்ற நிறுவனத்திடம் விடப்பட்டது. நிகழ்ச்சிகள் பம்பாயில் பதிவு செய்யப்பட்டு, நாடாக்கள் விமானத்தில் கொழும்புக்குப் போய், அங்கிருந்து வான்வழியே இந்திய வீடுகளுக்கே திரும்பி வந்தன. இந்திய நிறுவனங்கள் தந்த விளம்பரக் கட்டணம் இலங்கைக்கு அயல்நாட்டு வருவாயாக அமைந்தது.

இந்த ஏற்பாடு பலிக்க இந்திய அரசே காரணமாயிற்று. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், வானொலி மக்களின் இரசனையை உயர்த்த வேண்டும் என்ற உறுதி கொண்டவர். செவ்வியல் இசைக்கு அவர் செய்த நன்மைகள் பல. அவற்றை மறுக்க முடியாது. ஆனால், திரைப்பாடல் அவர் பார்வையில் தரக்குறைவானது. பாடலின்போது படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரம் ஆகிவிடும் என்று வானொலி கருத, தயாரிப்பாளர்கள் தங்கள் பாடல்களைத் தர மறுக்க, அகில இந்திய வானொலியில் திரையிசை அருகிப்போனது. அதே ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் கொழும்பிலிருந்து இந்தி அறிவிப்பாளர் அமீன் சயானியின் ‘பினாக்கா கீத்மாலா’ என்ற திரைப்பாடல் நிகழ்ச்சி தொடங்கியது. முதல் ஒலிபரப்புக்கே 9,000 கடிதங்கள் வந்ததாக அவர் பின்னாளில் கூறியிருக்கிறார். பற்பசை விளம்பரத்தைத் தாங்கி வந்த அந்த நிகழ்ச்சியின் கதை இந்தி உலகத்துக்கு உரியது. அதை அவர்கள் விரிவாகவே எழுதியிருக்கிறார்கள். தமிழில் நடந்தது அதே காலத்தின் இன்னொரு கதை, நமக்கு அது இன்னும் முழுமையாக எழுதப்படாமலே இருக்கிறது.

தமிழுக்கு வரும்போது நிலவியலும் சேர்ந்துகொண்டது. சிற்றலை, வானின் மேலடுக்கிலுள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பித் தொலைதூரத்தில் இறங்குவது. அதனால்தான் அது அலைபோல உயர்ந்து தாழ்ந்து, சில வேளைகளில் மங்கி, மீண்டும் தெளிந்து கேட்கும். மத்திய அலை தரையை ஒட்டிப் போவது. வறண்ட நிலத்தின்மீது அது விரைவில் வலுவிழந்துவிடும். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், கடற்பரப்பின்மீது அதே அலை வலுக் குறையாமல் நெடுந்தூரம் செல்லும். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடல்தான் இருக்கிறது. பாக்கு நீரிணையும் மன்னார் வளைகுடாவும் இலங்கை அலைகளுக்கு நல்ல பாதையாக அமைந்தன. திருநெல்வேலியில் அகில இந்திய வானொலி நிலையம் 1960களில்தான் வந்தது. அதுவரை நெல்லைச் சீமைக்கும் இராமநாதபுரம் சீமைக்கும் சென்னையையும் திருச்சியையும்விடக் கொழும்பு பல வேளைகளில் தெளிவாகக் கேட்டது.

என் சிறுவயது வீட்டில், சுவரில் ஆணியடித்துப் பொருத்திய பலகைமேல் ஒரு வால்வு ரேடியோ இருந்தது. திருகியவுடன் அது பேசாது. வால்வுகள் சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். முன்பக்கக் கண்ணாடியில் உலக நகரங்களின் பெயர்களெல்லாம் அச்சிடப்பட்டிருந்தன. அவற்றுக்கிடையே, கொழும்பு தெளிவாகக் கேட்கும் இடத்தில், அம்மா தன் சாந்துப் பொட்டைக் குச்சியால் தொட்டு ஓர் அடையாளம் வைத்திருந்தார். முள் அந்தச் சிவப்புப் புள்ளியைத் தொடும்படி திருப்பத் தெரிந்தால் போதும், எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அந்த ரேடியோவை இயக்கலாம். கண்ணாடியில் அச்சிட்டிருந்த இலண்டனும் பாரிசும் எங்களுக்கு ஒருநாளும் தேவைப்பட்டதில்லை.

இனி அந்தச் சேவையின் உள்ளமைப்பைப் பார்ப்போம். இலங்கை வானொலியில் தேசிய சேவையும் வர்த்தக சேவையும் தனித்தனியே இயங்கின. தமிழ்ச் சேவை ஒன்று, தமிழ்ச் சேவை இரண்டு என்று அவை வழங்கப்பட்டன. முதலாவதில் செய்தி, உரை, கர்நாடக இசை, நாடகம், கல்வி நிகழ்ச்சிகள். இரண்டாவதில் திரையிசையும் விளம்பரதாரர் வழங்கும் நிகழ்ச்சிகளும். 1967 ஜனவரியில் துறை, கூட்டுத்தாபனமாக மாற்றப்பட்டது. 1972இல் நாடு குடியரசாகிப் பெயர் மாறியதும் ‘இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்’ என்ற நீண்ட பெயர் நிலைத்தது. தமிழகத்தில் கழகம் என்போம், நிறுவனம் என்போம். கூட்டுத்தாபனம் என்ற சொல் நம் வழக்கில் கிடையாது. அப்படியிருந்தும், அறிவிப்பாளர் அதைத் தடங்கலின்றிச் சொல்லும் விதத்துக்காகவே தமிழகத்துப் பிள்ளைகள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்கள்.

மொழியைப் பற்றி இங்கே சற்று நின்று பேச வேண்டும். அகில இந்திய வானொலி தன்னை ‘ஆகாசவாணி’ என்று அழைத்துக்கொண்டது. அந்தப் பெயரைத் தமிழகத்தில் பலர் ஏற்கவில்லை, அதை எதிர்த்துக் குரல்களும் எழுந்தன. அதே காலத்தில் கடலுக்கு அப்பாலிருந்து ஒரு நிலையம் ‘வானொலி’ என்றும் ‘நேயர்’ என்றும் ‘அறிவிப்பாளர்’ என்றும் இயல்பாகப் பேசிக்கொண்டிருந்தது. ழகரமும் ளகரமும் லகரமும் தத்தம் இடத்தில் ஒலித்தன. ஈழத்தமிழரின் பேச்சு வழக்கைத் தமிழக நேயரால் எளிதில் பின்தொடர முடியாது. வர்த்தக சேவையின் அறிவிப்பாளர்கள் அதை அப்படியே பயன்படுத்தவும் இல்லை, சென்னைத் தமிழைப் போலி செய்யவும் இல்லை. இருகரையிலும் விளங்கக்கூடிய, எழுத்துக்கு அருகிலிருந்தும் விறைத்துப்போகாத ஓர் ஒலிபரப்புத் தமிழை அவர்கள் உருவாக்கினார்கள். என் கணிப்பில் அந்த நிலையத்தின் மிகப் பெரிய ஆக்கம் இதுவே. பின்னாளில் தொலைக்காட்சியிலும் தனியார் பண்பலைகளிலும் தமிழ் சிதைவதைக் கண்டு வருந்தியவர்கள், ஒப்பிட்டுக் காட்டுவதற்கு எடுத்துக்கொண்ட அளவுகோலும் அதுதான்.

அந்தத் தமிழின் முதல் பெரும் குரல் எஸ்.பி. மயில்வாகனம். விரைவும் உற்சாகமும் கலந்த அவருடைய பேச்சு, அதுவரை அரசு அறிக்கை வாசிப்பதுபோல் இருந்த அறிவிப்பு முறையையே மாற்றிவிட்டது. அவருக்குப் பின் வந்த தலைமுறையில் ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோர் தமிழகத்தில் திரைக்கலைஞர்களுக்கு இணையாக அறியப்பட்டார்கள். ராஜேஸ்வரி சண்முகத்தின் குரலில் இழையோடிய கனிவும், கே.எஸ். ராஜா ஒரு படத்தின் விளம்பரத்தையே பரபரப்பான கதையாக்கிச் சொல்லும் வேகமும், அப்துல் ஹமீதின் அளந்தெடுத்த உச்சரிப்பும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. ஒரே நிலையம் மூன்று வேறு நடைகளுக்கு இடமளித்தது. இதை வர்த்தக சேவை என்பதன் பயனாகவே நான் பார்க்கிறேன். நிகழ்ச்சிக்குப் பணம் தருபவர், தம் நிகழ்ச்சி மற்றதிலிருந்து வேறுபட்டுக் கேட்க வேண்டும் என்றே விரும்புவார். எல்லாருக்கும் ஒரே நடை என்ற அலுவலக ஒழுங்குக்கு அங்கே வேலை இல்லை.

நிகழ்ச்சிகளின் பெயர்களும் அப்படித்தான் பிறந்தன. காலையில் ‘பொங்கும் பூம்புனல்’, நேயர் விருப்பத்துக்கு ‘நீங்கள் கேட்டவை’, ஒரு கதையைச் சொல்லி இடையிடையே பொருத்தமான பாடல்களைக் கோக்கும் ‘இசையும் கதையும்’, இரவு உறங்கப்போகும் நேரத்துக்கு ‘இரவின் மடியில்’. ஒரு பாடலின் கடைசி எழுத்திலிருந்து அடுத்தவர் தொடங்கும் ‘பாட்டுக்குப் பாட்டு’ அப்துல் ஹமீதால் பெரும் புகழ் பெற்றது. அது பிற்காலத்தில் தமிழ்த் தொலைக்காட்சிக்கும் வந்து சேர்ந்தது. பாடலை ஒலிபரப்பும்போது படத்தின் பெயர், பாடியவர், இசையமைப்பாளர், பாடலாசிரியர் என்று சொல்லும் வழக்கத்தையும் கவனிக்க வேண்டும். டில்லியில் விளம்பரம் என்று ஒதுக்கப்பட்ட அதே தகவல், கொழும்பில் கலைஞர்களுக்குச் செய்யும் மரியாதையாகவும் நேயர்களுக்குக் கிடைக்கும் அறிவாகவும் ஆயிற்று. எந்தப் பாடலை யார் எழுதினார்கள் என்று பள்ளிக்கூடமே போகாதவர்கள்கூடச் சொல்லும் தலைமுறை ஒன்று தமிழகத்தில் இருந்தது. அவர்களுக்கு அதைக் கற்றுத்தந்ததில் கொழும்புக்குப் பெரும் பங்குண்டு.

உள்நாட்டுப் படைப்புக்கும் அந்தச் சேவை களமாக இருந்தது. வர்த்தக சேவையில் ஒலிபரப்பான ‘கோமாளிகளின் கும்மாளம்’ நகைச்சுவைத் தொடர், அதன் வரவேற்பால் 1976இல் ‘கோமாளிகள்’ என்ற திரைப்படமாகவே எடுக்கப்பட்டது. சில்லையூர் செல்வராசன் எழுதிய ‘தணியாத தாகம்’ தொடர்நாடகம் மக்கள் வங்கியின் ஆதரவில் ஒலித்தது. ஏ.ஈ. மனோகரன், நித்தி கனகரத்தினம் போன்றோரின் பொப்பிசைப் (பாப் இசை) பாடல்கள் இவ்வழியே கடல் தாண்டின. ‘சுராங்கனி’ தமிழகத்துக் கல்லூரி விழாக்களில் பாடப்பட்டதற்கு முன்னோடி வேலையை வானொலி செய்திருந்தது. இருந்தாலும், இந்தியத் திரைப்பாடலுக்குக் கிடைத்த நேரத்தோடு ஒப்பிட்டால் ஈழத்துப் படைப்புக்கு வர்த்தக சேவையில் கிடைத்த இடம் குறைவுதான். ஈழத்துக் கலைஞர்கள் அக்காலத்திலேயே இதை ஒரு குறையாக எழுப்பினார்கள். அந்தக் குறை நியாயமானது என்றே எனக்குத் தோன்றுகிறது. விளம்பரதாரரின் சந்தை எங்கே இருந்ததோ அங்கேதான் நிகழ்ச்சியின் முகம் திரும்பியது. மெல்லிசைக்கும் நாடகத்துக்கும் உழைத்த எஸ்.கே. பரராஜசிங்கம், ‘சானா’ சண்முகநாதன் போன்றோர் தேசிய சேவையின் நிழலில்தான் அதைச் செய்ய முடிந்தது.

நேயர்களுக்கும் நிலையத்துக்கும் இடையிலான பிணைப்பை ‘பிறந்தநாள் வாழ்த்து’ நிகழ்ச்சியில்தான் நெருக்கமாகக் காணலாம். பிறந்தநாள் கொண்டாடும் குழந்தையின் பெயர், ஊர், பிறகு வாழ்த்துவோரின் வரிசை: அப்பா, அம்மா, அம்மம்மா, அப்பப்பா, மாமா, மாமி, சித்தி, சித்தப்பா. பெயர்ப் பட்டியல் முடியும்வரை பாட்டு வராது. தமிழகத்தில் அந்தக் குழந்தையை யாருக்கும் தெரியாது. ஆனாலும் பொறுமையாகக் கேட்டோம். அம்மம்மா என்பது நம் அம்மாச்சிதான் என்று அப்படித்தான் தெரிந்துகொண்டோம். சாவகச்சேரி, பருத்தித்துறை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, மட்டக்களப்பு என்று, வரைபடத்தில் ஒருமுறையும் பார்த்திராத ஊர்களெல்லாம் அடுத்த தெருவைப்போல் ஆயின.

1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்மீது வன்முறை மூண்டபோது, அதே ஊர்ப்பெயர்கள் நாளிதழின் முதல் பக்கத்தில் வந்தன. வெள்ளவத்தையில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன என்று படித்தபோது, அது வெறும் அயல்நாட்டுச் செய்தியாக இருக்கவில்லை. அந்த ஊரிலிருந்து எத்தனை குழந்தைகளின் பெயர்களைக் கேட்டிருப்போம்! தமிழகத்தில் அன்று எழுந்த துயரத்துக்கும் சினத்துக்கும் அரசியல் காரணங்கள் பல உண்டு. அவற்றோடு, முப்பது ஆண்டுகளாக ஒரு வர்த்தக வானொலி அறியாமலே வளர்த்துவிட்ட உறவுணர்வையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வன்முறைக்குப்பின் நிலையத்தின் தமிழ்க் கலைஞர்கள் பலர் அடுத்தடுத்து நாட்டைவிட்டு வெளியேறினார்கள். அரசுக்குச் சொந்தமான நிலையம் என்பதால் அதன் செய்திகள்மீது தமிழருக்கிருந்த நம்பிக்கையும் குலைந்தது. பாட்டுக் கேட்பதற்கே சிலருக்கு மனம் வரவில்லை.

வணிக அடிப்படையிலான சரிவு அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. கொழும்பின் போட்டியைச் சமாளிக்க அகில இந்திய வானொலி 1957 அக்டோபர் 3ஆம் நாள் ‘விவித் பாரதி’யைத் தொடங்கித் திரைப்பாடலுக்குக் கதவைத் திறந்தது. 1967 நவம்பரில் பம்பாய்ப் பகுதியிலும், அடுத்த சில ஆண்டுகளுக்குள் சென்னை உள்ளிட்ட நிலையங்களிலும் விளம்பரம் அனுமதிக்கப்பட்டது. கொழும்பின் வருவாய்க்கு உண்மையான அடி இந்த இரண்டாவது முடிவிலிருந்துதான் விழுந்தது. பாடலை ஒலிபரப்பும் உரிமை இரு பக்கமும் சமமானபின், இந்திய நிறுவனங்கள் கடல் கடந்து பணம் அனுப்ப வேண்டிய தேவை குறைந்துகொண்டே போனது. பினாக்கா கீத்மாலாவே 1989இல் விவித் பாரதிக்குப் பெயர்ந்துவிட்டது. இந்திய அரசின் ஒரு கொள்கையால் உருவான சந்தை, அதே அரசு கொள்கையை மாற்றியதும் கைநழுவியது. இதில் கொழும்பின் பிழை என்று சொல்ல அதிகம் இல்லை.

எஞ்சியதைத் தொலைக்காட்சியும் பண்பலையும் எடுத்துக்கொண்டன. சென்னையில் 1975இலும் இலங்கையில் 1979இலும் தொலைக்காட்சி வந்தது. 1990களில் இலங்கையில் தனியாருக்கு ஒலிபரப்பு உரிமம் வழங்கப்பட்டபின் சக்தி, சூரியன் போன்ற தமிழ்ப் பண்பலைகள் தோன்றின. வர்த்தக சேவையில் பயின்றவர்கள் சிலரே அவற்றுக்கு வழிகாட்டினார்கள். பண்பலையின் தெளிவுக்கு முன் சிற்றலையின் இரைச்சலும் ஏற்ற இறக்கமும் பழைய காலத்துப் பொருளாகத் தோன்றின. பண்பலை தொலைவு போகாது. அதன் நேயர்கள் சுற்றுவட்டாரத்துக்குள் இருப்பவர்கள். கடல் கடந்த நேயர் என்ற எண்ணமே அந்தத் தொழில்நுட்பத்தில் இல்லை. தமிழ் வர்த்தக சேவை பின்னர் ‘தென்றல்’ என்ற பெயரோடு பண்பலைக்கு வந்தது.

கொழும்பு நிலையத்தின் இசைத்தட்டு நூலகம் அரிய தமிழ், இந்திப் பாடல்களின் சேமிப்பாக இன்றும் பேசப்படுகிறது. ஆனால், பாடல்களுக்கு இடையே பேசப்பட்டவை நேரடியாகச் சொல்லப்பட்டுக் காற்றோடு போனவை. இன்று இணையத்தில் கேட்கக் கிடைக்கும் கே.எஸ். ராஜாவின் அறிவிப்புகளும் ராஜேஸ்வரி சண்முகத்தின் துணுக்குகளும் பெரும்பாலும் நேயர்களின் வீடுகளிலிருந்து வந்தவை. பாட்டைப் பதிவு செய்வதற்காக ரேடியோவுக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து, அறிவிப்பாளர் பேசத் தொடங்கியபின்னும் நிறுத்த மனமில்லாமல் ஓடவிட்டவர்களின் ஒலிநாடாக்கள் அவை. சிலவற்றில் பின்னணியில் சேவல் கூவுவதும், சமையலறையிலிருந்து யாரோ அழைப்பதும் சேர்ந்தே பதிவாகியிருக்கின்றன.